மந்தித்தோப்பில் ஒரு காலைக் கறவை

திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டிலிருந்து கோவில்பட்டிக்குச் சாயங்கால பஸ். டிவியில் பழைய காமெடி. சேலை கட்டிய திருநங்கை ஒருவர் கையைத் தட்டிக்கொண்டு வருகிறார், எதிரே நிற்பவன் அலறி ஓடுகிறான். பஸ்ஸே சிரித்தது. பள்ளிக்கூட நாளில் இதே காட்சிக்கு நானும் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது வலிக்கிறது.

காப்பியத்தில் மணிமேகலை பூப்பறிக்கப் போகும் வழியில், புகார் வீதியில் ஒரு கூட்டம் நிற்கும். ‘பேடிக் கோலத்துப் பேடு காண்குநரும்’ என்கிறார் சாத்தனார்; பேடிக் கோலத்தில், அதாவது ஆணும் பெண்ணும் கலந்த கோலத்தில், ஆடும் ஆட்டத்தைப் பார்த்து நிற்பவர்கள். சுருண்ட தாடி, கருங்கூந்தல், பவள வாய், காதில் வெண்தோடு என்று அந்தக் கோலத்தை உச்சி முதல் வர்ணிக்கிறார். அழகான வரிகள்தான். ஆனால் ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஆடியவர் எங்கே போனார், என்ன சாப்பிட்டார் என்பதற்கு அங்கே ஒரு வரி இல்லை. அன்று வேடிக்கை பார்த்தார்கள், இன்று பஸ்ஸில் பார்க்கிறோம்.

மந்தித்தோப்பு கோவில்பட்டியை ஒட்டிய ஊர். 1986 வரை இதெல்லாம் திருநெல்வேலி மாவட்டம்தான். 2020-இல் இங்கே திருநங்கைகளுக்கென்றே ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். வீடு, கறவை மாடு எல்லாம் சேர்த்துக் கிடைக்கச் செய்த அன்றைய தூத்துக்குடி கலெக்டர் சந்தீப் நந்தூரியின் பெயரையே குடியிருப்புக்கும் வைத்துவிட்டார்கள்.

விடியுமுன் போய்விட்டேன். தொழுவத்தில் ஒரு அக்கா கன்றை அவிழ்த்து முட்டவிட்டு, பால் இறங்கியதும் இழுத்துக் கட்டினார். மடியைக் கழுவி, விரலில் துளி எண்ணெய் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வாளியில் முதலில் சர்ரென்று தகரச் சத்தம், அப்புறம் நுரை ஏற ஏறச் சத்தம் அமுங்கியது. நான் ஓரடி நகர்ந்ததும் மாடு காலைத் தூக்கியது.

“அங்கனயே நில்லுங்க தம்பி. புது ஆளுன்னா ஒதைச்சிரும். எங்கிட்ட மட்டுந்தான் நிக்கும்.”

வாடகைக்கு வீடு கேட்டு எத்தனை வாசல் ஏறி இறங்கினார் என்பதை ரெண்டே வாக்கியத்தில் சொன்னார். மாட்டுக்குச் சினை பிடித்ததை மட்டும் பத்து நிமிஷம் சொன்னார். தவிடு, பிண்ணாக்கு விலை, போன மழையில் வந்த காய்ச்சல், ராத்திரி முழுக்கக் கூடவே உட்கார்ந்திருந்தது. கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்தது.

கிளம்பும்போது தயங்கித் தயங்கி, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“மொதல்ல மாட்டை எடுங்க” என்றார். “கொம்பு ரெண்டும் விழணும்.”