தாள் அளவு இல்லாத பக்கம்

"என்ன சைஸ்?"

கடைக்கு யார் வந்து எதை அச்சடிக்கச் சொன்னாலும் என் வாயில் வரும் முதல் கேள்வி இதுதான். திருவிழா நோட்டீஸ், காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக், எதுவானாலும் தாள் அளவு தெரியாமல் மவுஸைத் தொட மாட்டேன். போன ஆடியில் எனக்கென்று ஒரு இணையதளம் செய்யலாம் என்று உட்கார்ந்தபோதும் முதலில் அதைத்தான் கேட்டேன். கேட்டது, பள்ளிக்கூடம் படிக்கையில் கோடை லீவில் என் கடைக்கு வந்து வேலை பழகிய பையனிடம். இப்போது கோயம்புத்தூரில் வெப்சைட் செய்து கொடுக்கிற கம்பெனி ஒன்றில் இருக்கிறான்.

"தாளே கிடையாதுண்ணே" என்றான்.

"சரிப்பா, ஸ்க்ரீன் சைஸாவது சொல்லு."

"அதுவும் கிடையாது. யார் கையில என்ன இருக்கோ அதான் சைஸ்."

கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னது புரிய எனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது.

எனக்கு வயது 54. 1988-ல் புதுக்கோட்டையில் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மெஷின் வைத்த ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கச் சேர்ந்தேன். ஒன்பது வருடம் ஈய எழுத்து. 1997-ல் கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன், அன்றிலிருந்து டிடிபி, கம்ப்யூட்டரிலேயே பக்கம் அமைக்கிற வேலை. அந்தப் பழைய அச்சகம் மூடியபோது ஈய எழுத்தெல்லாம் எடைக்குப் போயிற்று. முதலாளி என்னைக் கூப்பிட்டு, போஸ்டருக்குப் போடும் மரக்கட்டை எழுத்து ஒரு பெட்டியும், எழுத்தை வரியாகக் கோக்கக் கையில் பிடிக்கும் கம்போசிங் ஸ்டிக் ஒன்றும் கொடுத்தார். பெட்டி பரணில் கிடந்தது. போன வருடம் வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணும்போது என் மனைவி, "இதை என்னங்க பண்றது, விறகுக்கும் ஆகாது" என்றாள். கையில் எடுத்துப் பார்த்தேன். பழைய லை ஒன்று, யானைத் தும்பிக்கை வைத்தது. 1978-லேயே அரசாங்கம் எழுத்தைச் சீர்திருத்திவிட்டது. நான் சேர்ந்தபோதும் எங்கள் கேஸில், அதாவது எழுத்து அடுக்கும் அறைப்பெட்டியில், தும்பிக்கை லை தனி அறையில் படுத்துக்கிடந்தது. அதைப் போட்டோ எடுத்து, அதைப்பற்றி நாலு வரி எழுதி எங்காவது வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஃபேஸ்புக்கில் போடலாம்தான். நேற்றுப் போட்டது இன்றைக்கே கீழே போய்விடுகிறது. எனக்குப் பீரோ மாதிரி ஒன்று வேண்டும், வைத்தது வைத்த இடத்தில் இருக்க வேண்டும்.

ஆடி முதல் பாதியில் கடையில் ஈ ஓட்டலாம். ஆவணிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கிறவர்கள் பதினெட்டாம் பெருக்கு கழிந்துதான் வருவார்கள். அந்த நாட்களில்தான் ஆரம்பித்தேன்.

கோயம்புத்தூர்த் தம்பி இரண்டே உத்தரவு போட்டான். வேர்டில் அடிக்கக் கூடாது, நோட்பேட் போதும். ரெடிமேட் டெம்ப்ளேட் கேட்கக் கூடாது. இரண்டாவது எனக்கு ரோஷமாக இருந்தது. நான்தான் ஒரு காலத்தில் அவனிடம், "முதல்ல வெறும் கோட்டை நேரா போடக் கத்துக்க, அப்புறம் பார்டர் டிசைன் எடுக்கலாம்" என்று சொன்னவன். அதைத்தான் திருப்பிக் கொடுக்கிறான்.

இணையப் பக்கம் எழுதுகிற மொழியான எச்டிஎம்எல் கற்றுக்கொள்வது நான் பயந்த அளவுக்கு இல்லை. இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஒரு குறி போடுகிறோம், அவ்வளவுதான். எனக்கு ஆச்சரியம் வந்தது அந்தப் பெயரில். அதில் நடுவில் வரும் எம் என்பது மார்க்கப். கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் 'இதைத் தலைப்பாகக் கோ, இதைத் தடித்த எழுத்தில் போடு' என்று அச்சுக் கோப்பவனுக்காகப் போடும் குறிக்குத்தான் மார்க்கப் என்று பெயர். ஒன்பது வருடம் அந்தக் குறியைப் பார்த்துக் கோத்தவன் நான். 1991-ல் ஜெனிவாவில் டிம் பெர்னர்ஸ்-லீ தன் முதல் பக்கத்தை இணையத்தில் வைத்தபோது, இங்கே நான் மை பூசிய கையோடு அதே மாதிரிக் குறியைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அன்று அந்தக் குறியைப் படித்துக் கோக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, இப்போது பிரவுசர் கோக்கிறது.

முதல் நாள் சாயங்காலமே ஒரு பக்கம் வந்துவிட்டது. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, ஒரு படம். கடையை அடைக்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தை நிரப்ப, 2001-ல் நான் அடித்து வைத்திருந்த ஒரு குறிப்பை எடுத்து ஒட்டினேன். அச்சகச் சொற்கள் பற்றி ஒரு மலருக்காக எழுதியது. ஒட்டியதும் தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் நின்றன. அது பாமினி என்கிற எழுத்துரு. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி மாட்டியவை. முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஜேதான் இருக்கும், த இருக்காது. இருபது வருடம் தமிழில் அடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் உண்மையில் ஆங்கிலத்தில்தான் அடித்திருக்கிறேன். மாற்றித் தர மென்பொருள் இருக்கிறது, மாற்றினேன். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்தது, பக்கத்தை இணையத்தில் ஏற்றுவது. இலவசமாக இடம் கொடுக்கிற ஒன்றில் ஏற்றினேன். என் கம்ப்யூட்டரில் அழகாக இருந்த பக்கம் அங்கே போனதும் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. தலைக்கு மேல் கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி ஏ, மறுபடி ஆர். பக்கம் முழுக்க அதே. தம்பிக்குப் படம் பிடித்து அனுப்பினேன். அவன் சிரித்தான். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டாக வைக்கிறார்கள். இது யூடிஎஃப்-8 என்று பக்கத்தின் தலையிலேயே ஒரு வரி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிரவுசர் அந்த மூன்றையும் மூன்று தனி ஐரோப்பிய எழுத்தாக எடுத்துக்கொள்ளும். தமிழ்க் குறி எதுவானாலும் முதல் பைட் ஒன்றேதான், அதனால்தான் எங்கே பார்த்தாலும் அந்த ஏ. என் கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பைத் திறக்கும்போது பிரவுசர் தானே ஊகித்துக்கொண்டது. வெளியிலிருந்து வந்த பக்கத்துக்கு ஊகிக்கவில்லை. மெட்டா சார்செட் என்று ஆரம்பிக்கும் ஒரே ஒரு வரி. அதைப் போட்டதும் பேய் இறங்கிவிட்டது.

எழுத்து வந்துவிட்டது, படம் வரவில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த தாள் மாதிரி ஒரு சின்ன அடையாளம். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். விஷயம் இதுதான்: என் பழைய டிஜிட்டல் கேமரா, கோப்புப் பெயரின் வாலில் ஜேபிஜி என்பதைப் பெரிய எழுத்தில் போடும். நான் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. என் பக்கத்தை வைத்திருக்கிற அந்த சர்வர் கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தை அப்பர் கேஸ் என்று சொல்வதே அச்சகத்திலிருந்து போனதுதான். மேலே சாய்த்து வைக்கும் கேஸில் பெரிய எழுத்து, கீழ் கேஸில் சின்ன எழுத்து. மேல் கேஸ் எழுத்தைக் கீழ் கேஸில் போட்டுவிட்டால் முதலாளி விரல் கணுவில் ஸ்கேலால் தட்டுவார். சர்வர் தட்டவில்லை, படத்தைக் காட்டாமல் இருந்துவிட்டது. இப்போது எல்லாக் கோப்புப் பெயரும் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது.

இதெல்லாம் சின்னத் தலைவலி. பெரிய தலைவலி சிஎஸ்எஸ்.

ஹோகன் வியூம் லீ என்பவர் 1994-ல் முன்வைத்து, 1996 டிசம்பரில் முறையாக வெளியானது அது. பக்கத்துக்கு உடுப்பு மாட்டுகிற மொழி. அதில் மில்லிமீட்டர் இருக்கிறது, பாயிண்ட் இருக்கிறது, அங்குலம்கூட இருக்கிறது என்று படித்ததும் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. மடமடவென்று போட்டேன். அகலம் 210 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் 20 மில்லிமீட்டர் மார்ஜின். தலைப்புக்கு ஒரு பெட்டி, உயரம் 25 மில்லிமீட்டர். எழுத்து 12 பாயிண்ட். இரண்டு பக்கமும் வெட்டினாற்போல ஜஸ்டிஃபை. அச்சு அசல் ஏ4. இதைத்தானே அவன் கிடையாது என்றான், இதோ செய்துவிட்டேனே என்று தம்பிக்கு லிங்க் அனுப்பினேன்.

"அண்ணே, உங்க போன்ல பாத்தீங்களா?" என்று மட்டும் பதில் வந்தது.

பார்த்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. போனுக்கு நான் ஒன்றும் சொல்லாததால், அது தன்னைப் பெரிய கம்ப்யூட்டர் திரையாக நினைத்துக்கொண்டு பக்கத்தை வரைந்து, அப்புறம் மொத்தத்தையும் சுருக்கிக் காட்டுகிறது. அதற்கும் ஒரு மெட்டா வரி உண்டு, வியூபோர்ட் என்று. போட்டேன். எழுத்து பெரிதாயிற்று, பக்கம் வலப்பக்கம் வெளியே ஓடிவிட்டது. ஒவ்வொரு வரியையும் விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். 210 மில்லிமீட்டர் என்று நான்தானே சொன்னேன். அது வாக்குத் தவறவில்லை.

அகலத்தை எடுத்துவிட்டு, 'அதிகபட்சம் இவ்வளவு, அதற்குக் குறைந்தால் உன் இஷ்டம்' என்று எழுதினேன். இதை எழுதும்போது கை கூசியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வரி எங்கே உடையும் என்று தெரியாமல் ஒரு பக்கத்தை வெளியே விடுவது எங்கள் தொழிலில் கிடையாது. ஜஸ்டிஃபை பண்ணியதில் வேறு, போனின் குறுகிய வரியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மாட்டு வண்டி போகலாம். தமிழ்ச் சொல் நீளம். வரிக்கு இரண்டு சொல்தான் வரும், மீதியெல்லாம் வெள்ளை. ஈய எழுத்தில் நாங்கள் சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவோம். பிரவுசர் தானாக உடைக்காது. 'அச்சுக்கோப்பவர்களுக்கெல்லாம்' என்று நான் ஒரு இடத்தில் எழுதியிருந்தேன், அது பக்கச் சுவரை இடித்துக்கொண்டு வெளியே நின்றது. முட்டினால் மட்டும் உடை என்று ஒரு வரி சேர்த்தேன். ஜஸ்டிஃபையைத் தூக்கினேன். வலது ஓரம் இப்போது கரையான் அரித்த மாதிரித்தான் இருக்கிறது. பழகிவிட்டது.

வரி இடைவெளி மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை. ஈய எழுத்தில் வரிக்கும் வரிக்கும் நடுவே ஈயத் தகடு வைத்துத்தான் இடைவெளி விடுவோம். தமிழில் மேலே கொம்பும் சுழியும், கீழே வாலும் இருப்பதால் ஆங்கிலத்தைவிடத் தகடு கனமாக வேண்டும். 1.7 என்று போட்டேன். தம்பி பார்த்துவிட்டு, "கரெக்டா இருக்குண்ணே, எப்படி?" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

தளம் ஒருவழியாக நின்றதும் முதலாளி வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். இரண்டு கண்ணும் ஆபரேஷன் ஆனது. போனில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி வைத்திருக்கிறார், திரைக்கு ஆறேழு வரிதான் தெரியும். என் பக்கத்தைத் திறந்தார். தலைப்பு பெட்டிக்குள் அடங்காமல் கீழே வழிந்து முதல் பத்தியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"என்னடா, ரெண்டு தரம் அடிச்ச மாதிரி இருக்கு?"

25 மில்லிமீட்டர் உயரம் என்று நான் பெட்டிக்கு ஆணையிட்டிருந்தேன் இல்லையா. அகலத்தை எடுத்தவன் உயரத்தை எடுக்க மறந்துவிட்டேன். லேப்டாப் பையில்தான் இருந்தது. அங்கேயே திறந்து, அந்த ஒரு வரியை அழித்து, மறுபடி ஏற்றி, அவர் போனில் பக்கத்தைப் புதுப்பித்துக் கொடுத்தேன். பெட்டி எழுத்துக்குத் தக்கபடி வளர்ந்து நின்றது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு புரூஃப் பார்க்க ஆரம்பித்தார். மரக்கட்டைப் படங்களில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேலே போய்த் தலைப்பிலேயே விரலை வைத்தார். 'அச்சு கோர்த்தவன்' என்று போட்டிருந்தேன்.

"ஒற்று எங்கேடா? அச்சுக். அப்புறம், கோர்த்தவன் இல்லை, கோத்தவன். 'கோ'ங்கிறதுக்கு நடுவில ர் எங்கேருந்து வந்துச்சு? உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

ஒரு ஒற்றைச் சேர்த்து ஒரு ர்-ஐ எடுத்தேன். அரை நிமிஷம். மறுபடி அவர் கையில் கொடுத்தேன். அவர் தலைப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அடிச்சு வெளியில விட்டது தானேடா இது?"

"ஆமாங்கய்யா."

"அப்ப ஏற்கெனவே பாத்தவன் கையில இருக்கிறது?"

"அவங்க மறுபடி திறந்தா இதுதான் தெரியும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மூணாவது பத்தியில இன்னும் ரெண்டு இருக்கு, எழுதிக்க" என்றார்.