சிவப்புக் கோடு வராத நோட்டு

ஜூன் 12, 2025, வியாழன்

பாப்பாவுக்குச் சொல்வதை எழுதுதலில் பத்துக்கு ஐந்து. வாழைப்பழம், 'வாளைப்பலம்' ஆகியிருக்கிறது. வாளை மீனுக்கு எவ்வளவு பலமோ! நம்ம ஊரில் வாய் திறந்தால் வாளப்பளம்தான், அதனால் ழ போனது புரிகிறது. ல எப்படி வந்தது?

ராத்திரி அவள் அத்தைக்கு மெசேஜ் அனுப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆங்கில எழுத்தில் தட்டுகிறாள். ல, ள, ழ மூன்றுக்கும் அங்கே ஒரே எல். மேலே பலம், பழம், பாலம் என்று வரிசை வருகிறது. பழத்தைத் தொட்டுவிடுகிறாள். "அதுவே வருதுல்லப்பா." வருகிறதுதான். ஆனால் ஒரு தடவைகூட அவள் கை ழ போடவில்லை. 1901-இல் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட மதுரையில் ஒரு ழகரத்துக்கு இந்தப் பாடு.

ஜூன் 14, சனி

அச்சகத்தில் காதுகுத்துப் பத்திரிகை ஒன்று. பிழைதிருத்தியில் போட்டேன், கோடே விழவில்லை. முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "என்னப்பா இது, 'எங்கள் குளம் தழைக்க'ன்னு இருக்கு?" குளமும் நல்ல சொல்தானே, அது ஏன் கோடு போடப்போகிறது?

இதே கருவி போன வாரம் விருந்து நோட்டீசில், தொடுகறிக்கு நம்ம ஊரில் சொல்லும் வெஞ்சனத்துக்குக் கோடு போட்டது. அதையும் குறை சொல்ல முடியாது. தமிழில் 'வீடு' என்பது வீட்டிலிருந்து, வீட்டுக்குள்ளேயே, வீட்டாரிடம்தான் என்று நீண்டுகொண்டே போகும். எல்லாவற்றையும் அகராதியில் அடுக்க முடியாது, விகுதியைப் பிரித்துப் பார்த்துத்தான் சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். சொற்பிழைக்கு வாணி, ஒற்றுப்பிழைக்கு நாவி என்று இரண்டு பிழைதிருத்திகளையும் திறந்து வைத்துத்தான் நானும் வேலை பார்க்கிறேன். தெரிந்தவன் கை தவறினால் இவை பிடித்துக்கொடுக்கும். தெரியாதவனுக்கு?

ஜூன் 17, செவ்வாய்

அந்தக் கேள்விக்கு நானே மாட்டினேன். பேங்கில் பணம் எடுக்கும் சீட்டு. 'மூவாயிரத்து' வரை ஓடிய பேனா நின்றுவிட்டது. முன்னூறா, முந்நூறா? 'முன்னூறு' என்று எழுதிவிட்டு, மூன்றும் நூறும் சேர்ந்தால் முந்நூறுதானே என்று அடித்தேன். "அடிச்சு எழுதுனா செல்லாதுண்ணே, வேற சீட்டு எழுதுங்க." இருபத்திரண்டு வருடமாக டைப் செட்டிங் பார்க்கிறவன் நான்.

ஜூன் 22, ஞாயிறு

செல்லில் மேலே வரும் வரிசையை அணைத்துவிட்டேன். இரண்டு நாள் கோபம், அப்புறம் சரியாகிவிட்டாள். இன்று பலசரக்குச் சீட்டை அவளை எழுதச் சொன்னேன். 'எண்ணை' என்று எழுதினாள். எள்ளும் நெய்யும் சேர்ந்ததுதான் எண்ணெய், வெண்ணெயிலும் அந்த நெய்தான் என்றேன்.

"தேங்கா எண்ணெயில எள்ளே இல்லையேப்பா?"

நல்ல கேள்வி. சமாளித்துவிட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். வழியில் 'செக்கு எண்ணை' என்று ஆளுயர போர்டு. வண்டியின் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள்.

"நெய்யை விட்டுட்டாங்கப்பா."