சென்னைப் பல்கலைக்கழகத்தின் கொடிவழியை வரைதல்: இதுவரை நடந்த வேலை

சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்துபோன பல்கலைக்கழகங்களையும், அந்தப் பிரிவினைகளில் கைமாறிய கல்லூரிகளையும் ஒரே தாளில் கொடிவழியாக வரையும் வேலையைச் சில மாதங்களாக ஓய்வு நேரங்களில் செய்து வருகிறேன். கல்லூரி நூற்றாண்டு மலர்களும், இணைவுபெற்ற கல்லூரிகளின் பட்டியலைத் தாங்கிவரும் பல்கலைக்கழகத்தின் பழைய ஆண்டுநூல்களும் இதற்கு ஆதாரங்கள். ஆட்சி எல்லை குறையக் குறைய இந்த நிறுவனத்தின் அறிவுப் பணி கூடியிருக்கிறது என்பது வரைந்து பார்த்தபோது எனக்குத் தெளிவாயிற்று. அந்த எண்ணமே படத்தின் அமைப்பையும் முடிவு செய்தது.

முதலில் அளவுத்திட்டம். ஏ1 தாளின் நீளம் 841 மி.மீ. 1857 முதல் தொடங்கினால் ஆண்டுக்கு 5 மி.மீ. கொடுக்கலாம். ஆனால், 1839-ஐ விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அவ்வாண்டு நவம்பரில், சென்னையில் ஆங்கிலக் கல்லூரி வேண்டும் என்று சுமார் 70,000 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம், அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் வழியாக ஆளுநர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்டது. அரசு கொடுப்பதற்கு முன்பே மக்கள் கேட்ட கல்வி அது. எனவே ஆண்டுக்கு 4 மி.மீ. என்று குறைத்துக்கொண்டு, விண்ணப்பத்திலிருந்தே கோட்டைத் தொடங்கினேன். 1841-இல் திறந்த உயர்நிலைப் பள்ளி, அதிலிருந்து வளர்ந்த மாநிலக் கல்லூரி, இந்தியாவில் பல்கலைக்கழகங்கள் அமைக்கப் பரிந்துரைத்த 1854-ஆம் ஆண்டின் சார்லஸ் உட் கல்வி அறிக்கை ஆகியவற்றைச் சிறு குறிகளாக இட்டுவிட்டு 1857 செப்டம்பர் 5-க்கு வந்தேன். கல்கத்தாவும் பம்பாயும் அதே ஆண்டில் சில மாதங்கள் முந்திக்கொண்டன. மூன்றுமே இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. அதாவது, கற்பிப்பது கல்லூரிகளின் வேலை; பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்திப் பட்டம் தருவது பல்கலைக்கழகத்தின் வேலை.

இந்த இடத்தில் கோட்டுக்கு மேலே இரண்டு பெயர்களை எழுதியிருக்கிறேன். முதல் பி.ஏ. பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவர்கள். தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் இந்தத் தாமோதரம்பிள்ளைதான். ஆங்கிலக் கல்விக்கென எழுந்த நிறுவனத்தின் முதல் பட்டதாரி, பழந்தமிழ் நூல்களின் முன்னோடிப் பதிப்பாசிரியராகவும் ஆனார் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குப் பெருமிதமாகவே இருக்கிறது.

1857 முதல் 1916 வரை 236 மி.மீ. நீளத்துக்குக் கிளையே இல்லை. தென்னிந்தியாவின் பெரும்பகுதி இந்த ஒரே கோட்டுக்குள் இருந்தது. மைசூரும் திருவிதாங்கூரும் தனி சமஸ்தானங்கள். ஆனால் அங்குள்ள மாணவர்களும் சென்னையின் தேர்வைத்தான் எழுதினார்கள். கோட்டின் தடிப்பு ஆட்சி எல்லையைக் காட்ட வேண்டும் என்பதால் இந்தப் பகுதியை மட்டும் 2 மி.மீ. அகலத்தில் மை தீட்டினேன். சிஷோம் வடிவமைத்து 1879-இல் கட்டி முடித்த செனட் மண்டபம் இந்தத் தடித்த கோட்டுக் காலத்தின் சின்னம்.

பிறகு பிரிவுகள் வரிசையாக வருகின்றன: 1916-இல் மைசூர், 1926-இல் ஆந்திரா, 1929-இல் அண்ணாமலை, 1937-இல் திருவிதாங்கூர். இவற்றை ஒரே மாதிரி வரைவது நியாயமாகாது. மைசூரும் திருவிதாங்கூரும் சமஸ்தானங்களின் தன்னுரிமையிலிருந்து பிறந்தவை. ஆந்திரா, தெலுங்கு பேசும் மக்களின் தனி மாகாணக் கோரிக்கையோடு சேர்ந்து வளர்ந்தது. அண்ணாமலை, செட்டிநாட்டு அண்ணாமலை செட்டியாரின் கொடையில், சிதம்பரத்தில் அவர் நிறுவிய கல்லூரிகளிலிருந்து உருவானது. ஆகவே காரணத்துக்கு ஒரு நிறம் என்று வகுத்துக்கொண்டேன்: சமஸ்தானத்துக்குப் பச்சை, மொழிக்கு நீலம், தனியார் கொடைக்கு மஞ்சள்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது ஐதராபாத். 1918-இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் தொடங்கியபோது, அதே நகரத்தின் நிஜாம் கல்லூரி அதில் சேராமல், 1887 முதல் இருந்தபடியே சென்னையின் இணைப்பில் நீடித்தது. உஸ்மானியாவில் பயிற்றுமொழி உருது. நிஜாம் கல்லூரியில் ஆங்கிலம். 1947-இல்தான் அது உஸ்மானியாவுக்குச் சென்றது. தாளில் இது ஐதராபாத் பகுதிக்குள் நுழையும் மெல்லிய சிவப்பு இழையாகத் தெரிகிறது. பாலக்காட்டு விக்டோரியா கல்லூரியின் பாதையும் இப்படித்தான் பேசுகிறது. மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தவரை அது சென்னையோடு இருந்தது. மொழிவாரி மாநிலம் அமைந்தபின் கேரளப் பல்கலைக்கழகத்துக்கும், 1968-இல் கோழிக்கோட்டுக்கும் போனது. கட்டடம் இருந்த இடத்திலேயே இருக்க, மாணவர் கைக்கு வரும் பட்டத்தின் முத்திரை இரண்டு முறை மாறியிருக்கிறது.

வெளிக்கிளைகள் பெருகிய அதே ஆண்டுகளில் உள்ளே நடந்தவற்றைக் கோட்டுக்குக் கீழே தனி வரிசையில் எழுதி வருகிறேன். தாளின் இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பி.ஏ.வுக்கு முந்தைய கட்டமான எஃப்.ஏ. தேர்வில் தேறாத இராமானுஜனுக்கு 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது இதே பல்கலைக்கழகம். தேர்வு நடத்துவதற்காகவே பிறந்த ஒரு நிறுவனம் தேர்வைத் தாண்டிப் பார்த்த தருணமாக அதை மதிக்கிறேன். அதே 1913-இல் தமிழ்ப் பேரகராதிப் பணி தொடங்கியது. சாண்ட்லர் தொடங்கிவைத்த அந்த வேலையை வையாபுரிப்பிள்ளை முடித்தார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939-இல் அனுபந்தம். எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் பல்கலைக்கழக நூலகரானார். நீலகண்ட சாஸ்திரி 1929-இல் வரலாற்றுப் பேராசிரியரானார். 1952-இல் வந்து இயற்பியல் துறையை நடத்திய ஜி. என். ராமச்சந்திரன், கொலாஜன் புரதத்தின் மூவிழைச் சுருள் அமைப்பைக் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் வெளியிட்டார். மேலே கோடு மெலிகிறது. கீழே எழுத இடம் போதவில்லை.

1966-இல் மதுரை பிரிந்ததற்குப் பின் நெரிசல் தொடங்குகிறது. 1978-இல் கிண்டிப் பொறியியல் கல்லூரியோடு அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் அண்ணா பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. 1982-இல் கோவைக்குப் பாரதியாரும் திருச்சிக்குப் பாரதிதாசனும் வந்தன. எங்கள் வீட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. பெரியப்பாவும் அவர் மகனும் திருச்சியில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். பெரியப்பாவின் பட்டத்தில் சென்னையின் முத்திரை, அண்ணனுடையதில் பாரதிதாசனின் முத்திரை. இவை மாவட்டங்களின் தேவையால் நிகழ்ந்த பிரிவுகள் என்பதால் பழுப்பு நிறம் கொடுத்திருக்கிறேன்.

இப்போது கை வைத்திருப்பது விழுப்புரம், கடலூர்ப் பகுதி. அங்குள்ள கல்லூரிகள் 2002-இல் சென்னையிலிருந்து வேலூரின் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குப் போயின. பின்னர், 1929 முதல் தன் வளாகத்தில் கற்பிக்கும் பல்கலைக்கழகமாகவே இருந்த அண்ணாமலைக்குக் கல்லூரிகளை இணைக்கும் அதிகாரம் 2021-இல் சட்டத் திருத்தத்தால் கிடைத்ததும், அவை சிதம்பரத்தின் கீழ் வந்தன. பழுப்பில் தொடங்கிய இழை மஞ்சள் கிளையில் போய்ச் சேர வேண்டியிருப்பதால், இரண்டு நிறங்களும் சந்திக்கும் அந்த இடத்தைப் பென்சிலில் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்து மை தீட்டப் போவது அதைத்தான்.