சேர்க்கிற கல் வேறு, விற்கிற கல் வேறு

கல் சேர்க்கிறவர்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இந்த யோசனை வந்தே தீரும்: அலமாரி நிறைந்துவிட்டது, ஜன்னல் திட்டு நிறைந்துவிட்டது, வீட்டில் இருக்கிறவர்களின் பொறுமையும் முடிந்துவிட்டது, இதையெல்லாம் டாலராகவும் கம்மலாகவும் செய்து விற்றால் என்ன? தாராளமாக விற்கலாம், நானும் விற்கிறேன். ஆனால் என் சேகரிப்பில் ஆசையாக எடுத்துக் காட்டுகிற கற்களில் பாதி நகைக்கு லாயக்கில்லை.

கல்லின் கடினத்தன்மைதான் இதை முடிவு செய்கிறது. 1812இல் ஃபிரெடரிக் மோஸ் வகுத்த அளவுகோலில் மிக மென்மையான டால்க் 1, மிகக் கடினமான வைரம் 10. நகை செய்கிறவருக்கு முக்கியமான எண் 7, அதாவது குவார்ட்ஸ். தூசியில் கண்ணுக்குத் தெரியாத குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருப்பதால், அதைவிட மென்மையான கல்லைத் துடைத்துத் துடைத்தே மங்க வைத்துவிடலாம். கால்சைட் 3, ஜிப்சம் 2, அதை நகத்தாலேயே கீறலாம். ஃபுளோரைட்டின் பச்சையும் ஊதாவும் பார்த்தவுடன் மோதிரம் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள், அது 4தான், போதாததற்கு ஒரு தட்டு தட்டினால் நான்கு திசைகளில் வழவழவென்று பிளக்கும். கம்மலும் டாலரும் அவ்வளவாக இடிபடாது என்பதால் அங்கே கொஞ்சம் மென்மையான கல்லை வைத்துக்கொள்ளலாம், ஆனால் மோதிரம், பிரேஸ்லெட் என்றால் அகேட், ஜாஸ்பர், படிகம் என்று குவார்ட்ஸ் குடும்பத்தை விட்டு நான் வெளியே போவதில்லை.

மெருகேற்ற, கற்களைப் போட்டு உருட்டுகிற டம்ளர் மெஷின் போதும். சொரசொரப்பான சிலிக்கன் கார்பைடு பொடியில் ஆரம்பித்து, படிப்படியாக நைசான பொடிக்குப் போய், கடைசியில் பாலிஷ் பொடி. ஒரு கட்டத்துக்கு ஒரு வாரம் என்று வைத்தால் சுமார் ஒரு மாதம் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும் (சத்தம் உண்டு, படுக்கையறைக்குப் பக்கத்தில் வேண்டாம்). கட்டம் மாறும்போது கல்லையும் மெஷினில் சுற்றுகிற பீப்பாயையும் நன்றாகக் கழுவ வேண்டும், பழைய பொடி கொஞ்சம் ஒட்டியிருந்தால் கூடப் பாலிஷில் கீறல் விழும். ஒரே கடினத்தன்மை உள்ள கற்களைத்தான் சேர்த்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கடினமான கல் மென்மையானதைத் தின்றுவிடும். அழுக்குத் தண்ணீரை சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் படிந்து சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

வெட்டுவது, துளையிடுவது, தேய்ப்பது எல்லாம் தண்ணீர் விட்டுத்தான். குவார்ட்ஸ் தூள் நுரையீரலுக்குள் போனால் சிலிகோசிஸ் என்கிற நுரையீரல் நோய் வரும், வந்தால் குணமாகாது. இதில் மட்டும் சமரசமே கிடையாது.

ஆரம்பத்தில் துளையிடாமலேயே சமாளிக்கலாம், கல்லைச் சுற்றிக் கம்பி கட்டினால் போதும். 20 கேஜ் கம்பி, அதாவது சுமார் 0.8 மில்லிமீட்டர், கல்லைத் தாங்குகிற சட்டகத்துக்குச் சரியாக இருக்கும், சுற்றிக் கட்ட இன்னும் மெல்லியது. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதை ஆர்டர் போடும் முன் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். செம்பில் பழகிவிட்டு 92.5 வெள்ளிக்குப் போகலாம். கம்மல் கொக்கியில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள், நிக்கல் கலந்திருந்தால் நிறையப் பேருக்குக் காது புண்ணாகிவிடும்.

விலை வைக்கும்போது கல் சும்மா கிடைத்ததுதானே என்று தோன்றும். கல் சும்மா கிடைத்திருக்கலாம், அதைத் தேடி அலைந்ததும் தேய்த்ததும் கட்டியதும் சும்மாவா? அப்புறம், பொழுதுபோக்குக்கு எடுக்க அனுமதி உள்ள இடத்தில் விற்பனைக்கு எடுக்க அனுமதி இருக்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் கூட்டாட்சிப் பொது நிலங்களில் சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த கல்மரத்தை விற்கவே கூடாது. அதனால் எடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

சேகரிப்பாளர் பழக்கத்தில் வியாபாரத்துக்கு அப்படியே உதவுவது, எந்தக் கல் எங்கே கிடைத்தது என்று எழுதி வைப்பதுதான். சந்தையில் நீலச் சாயம் ஏற்றிய ஹௌலைட் என்கிற வெள்ளைக் கல் டர்காய்ஸ் பெயரில் உலவுகிறது, சூடாக்கிய ஊதா அமெதிஸ்ட் மஞ்சள் சிட்ரினாக வருகிறது, பளீர் நிற அகேட்டில் பெரும்பகுதி சாயம். சாயமோ சூடோ தப்பில்லை, சொல்லாமல் விற்பதுதான் தப்பு. நான் ஒவ்வொரு நகையோடும் ஒரு சின்னச் சீட்டு வைக்கிறேன்: கல்லின் பெயர், கிடைத்த இடம், ஏதாவது செய்யப்பட்டிருந்தால் அது. இந்தக் கல் அதிர்ஷ்டம் தருமா என்று கேட்கிறவர்களும் உண்டு. அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் அவர்களுக்கும் சொல்கிறேன், சிலர் வாங்காமல் போய்விடுகிறார்கள்.