வெட்டிய ஓரம்

அந்தப் படத்தின் இடது ஓரத்தை வெட்டியது செய்தித்தாளின் பக்க அமைப்புக்காகத்தான் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். அகலப் படம், இரண்டு பத்திக்கு மேல் இடமில்லை, எங்கேயாவது வெட்டித்தான் ஆகவேண்டும்.

அலாஸ்காவின் பாயின்ட் லே கிராமத்துக்கு எதிரே, காயலைத் தாண்டிய மணல் திட்டில், நீண்ட தந்தமுள்ள கடல் விலங்குகளான வால்ரஸ்கள் மீண்டும் ஏறிவிட்டன என்று தெரிந்ததும் கிராமத்து அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தவன் நானே. 2014 செப்டம்பரில் ஏறத்தாழ 35,000 வால்ரஸ்கள் அங்கே ஒதுங்கியதிலிருந்து படமெடுக்க ஊடகங்கள் கேட்டுவந்த அதே அனுமதியைத்தான் நானும் கேட்டேன். மறுமுனையில் பேசிய பெண்மணி கோபப்படவில்லை. “அவை களைத்துப்போய்த் தூங்குகின்றன, நாங்களே அந்தப் பக்கம் சத்தம் எழுப்புவதில்லை” என்றார். யாரையும் அனுப்ப மாட்டேன் என்று வாக்களித்தேன், அனுப்பவும் இல்லை.

மூன்றாம் நாள், தாமாகவே சிறு விமானத்தில் பறந்து எடுத்த ஒருவரின் படம் எங்கள் மேசைக்கு விலைக்கு வந்தது. எவ்வளவு உயரத்தில் பறந்தீர்கள் என்று கேட்டேன். “போதுமான உயரம்தான்” என்றார். மறுபடியும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். நடுவில் பழுப்புநிற உடல்கள் ஒன்றன்மேல் ஒன்று தலைசாய்த்துக் கிடந்தன. இடது ஓரத்தில், நீர்விளிம்பில், பதினேழு தலைகள் நிமிர்ந்திருந்தன. தந்தங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. அவற்றுக்கு முன்னால் தண்ணீர் நுரைத்திருந்தது.

விமான இரைச்சலோ பனிக்கரடியின் வாடையோ போதும், மந்தை கடலை நோக்கிப் பாய்ந்துவிடும். ஒரு டன்னை எட்டக்கூடிய தாய்களுக்கு இடையே குட்டிகள் நசுங்கும். 2009இல் அதே கரையோரத்தில், ஐஸி கேப் முனையில், 130க்கும் மேற்பட்ட வால்ரஸ்கள் அப்படித்தான் மடிந்து கிடந்தன, பெரும்பாலானவை இளையவை. இதையெல்லாம் அறிந்தேதான் அந்தப் பக்கத்தை அமைத்தேன். ஆனால் நீர்விளிம்பில் கிடப்பவை காரணமில்லாமலும் தலைதூக்கும், புதிதாகக் கரையேறும் ஒன்றுக்கு இடம்விட மறுத்துத் தந்தத்தை உயர்த்தும். பதினேழு தலைகளை வைத்து ஒரு மனிதர்மீது எப்படிக் குற்றம் சுமத்துவது?

அப்படியானால் அந்த ஓரத்தை விட்டுவைத்திருக்கலாமே என்றுதான் பிறகு தோன்றும். வலது ஓரத்தில் வெறும் மணல்தான் இருந்தது.

படம் இல்லாமல் அச்செய்தியை யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. அந்தக் கரையை ஒட்டிய சுக்சி கடலின் பனி ஆழமற்ற கண்டத்திட்டைத் தாண்டி வடக்கே பின்வாங்கிவிட்டதால், மூழ்கிச் சிப்பி தின்றுவிட்டு ஏறிப் படுக்கப் பனிமிதவை இல்லாத தாய்களும் குட்டிகளும் கரைக்கு வந்தன என்பதைப் படத்துக்குக் கீழே நான்கு வரியில் எழுதினேன். அந்த நான்கு வரிக்காகத்தான் படத்தை வாங்கினேன் என்று சில நாள் நம்புகிறேன். அந்தப் பெண்மணி அப்பக்கத்தைப் பார்த்தாரா என்று தெரியாது. மறுபடி அழைத்துக் கேட்கும் துணிவும் வரவில்லை.

வெட்டாத மூலப்படம் என் கணினியில் இருக்கிறது. சென்ற வாரம் எண்ணியபோது பதினெட்டு வந்தது. தாயின் முதுகில் ஏறியிருந்த குட்டியின் தலையை முதலில் நான் எண்ணவில்லை.