அடுக்களை நாட்குறிப்பு: மார்கழி முடிந்து தை

2025 ஜனவரி 3, வெள்ளி

சொதி திரிந்துவிட்டது. சென்னையில் அம்மாவுக்கு இன்று ஒன்பது முடிந்தது.

ஜனவரி 4, சனி

நேற்றைய சொதியை இன்னும் மறக்க முடியவில்லை. இரண்டு தேங்காயைத் துருவி, முதற்பாலைத் தனியே எடுத்து வைத்து, இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலுமாக முருங்கைக்காய், காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப்பட்டாணி ஆகியவற்றை வேகவைத்து, குழைந்த பாசிப்பருப்பைக் கரைத்துவிட்டு, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேர்த்தது வரையில் ஒரு குறையும் நேரவில்லை. அதன் பிறகு முதற்பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டேன். குழம்பு என்றால் கொதித்தாக வேண்டும் என்று யார் எனக்குச் சொன்னார்களோ தெரியவில்லை. இரண்டே நிமிடத்தில் வெள்ளை வெள்ளையாகத் துகள்கள் ஒதுங்கி, நடுவே நீர் தெளிந்து, மேலே எண்ணெய் படர்ந்தது. போதாக்குறைக்கு எலுமிச்சையையும் அதன் தலையிலேயே பிழிந்தேன்.

எதிர்வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "மொதப்பால ஊத்துன பொறவு கொதிக்க விடலாமா ஐயா? ஓரத்துல நுரை கட்டும்போதே எறக்கிரணும்" என்றார். தேங்காய்ப்பால் என்பது நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள்தாம். அத்துளிகளை ஒன்றோடொன்று சேரவிடாமல் புரதம் மெல்லிய தோல்போலச் சுற்றிக் காக்கிறது. சூடு 80 பாகை செல்சியஸை ஒட்டி ஏறும்போது அந்தப் புரதம் உறையத் தொடங்குகிறது. புளிப்புப் பட்டாலும் அதே கதிதான். மறுவீட்டு விருந்தில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சொதி வைக்கும் தவசுப்பிள்ளைகள் இதையெல்லாம் படித்தா தெரிந்துகொண்டார்கள்? அவர்களுக்கு ஓரத்து நுரையே போதும்.

இஞ்சியும் எலுமிச்சையும் மிளகாயும் இல்லாமல் சொதி வைக்க முடியுமா என்று ஆச்சியிடம் கேட்டேன். ஏன் என்று கேட்டார். பேச்சை மாற்றிவிட்டேன்.

ஜனவரி 5, ஞாயிறு

அம்மாவின் சமையலில் அளவு என்று ஒன்று கிடையாது. ஓர் உழக்கு, ஒரு கை, ஒரு பிடி, நெல்லிக்காய் அளவு என்றுதான் எல்லாம். இன்று மின்தராசை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிறுத்தேன். அவளுடைய பித்தளை உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்தால் 285 கிராம் இருக்கிறது. நெல்லிக்காய் அளவுப் புளி 12 கிராம் என்று முடிவு செய்தேன்; அது பெருநெல்லியா அருநெல்லியா என்ற ஐயம் பிறகுதான் வந்தது.

உப்பை மட்டும் நிறுக்க முடியவில்லை. "ஒரு பிடி" என்பது யாருடைய பிடி? என் கையில் அள்ளியது 41 கிராம். என் உள்ளங்கை அவளுடையதைவிட அகலமானது.

ஜனவரி 6, திங்கள்

பத்து. உளுந்தஞ்சோறு. அரிசி ஓர் உழக்கு, வறுத்த தொலி உளுந்து அரை உழக்கு, பூண்டு இருபது பல், கொஞ்சம் வெந்தயம், ஒரு மூடித் தேங்காய்த் துருவல். முதல் முறையாக எதுவும் அடிபிடிக்கவில்லை. எள்ளுத் துவையலோடு இரண்டு வேளையும் அதையே உண்டேன். இதை மசித்துக் கொடுத்தால் விழுங்கலாம் என்று தோன்றியது. அக்காவுக்குச் செய்முறையை எழுதி அனுப்பினேன்.

ஜனவரி 8, புதன்

பரணிலிருந்து பித்தளை உருளியை இறக்கினேன். உள்ளே ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிந்தது. இதில் புளி ஊற்றினால் களிம்பு ஏறும் என்பதால் திருநெல்வேலி டவுனில் ஈயம் பூசுகிறவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் உருளியைக் கரி நெருப்பின் மேல் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுட்டார். சூடு ஏறியதும் நவச்சாரத் தூளைத் தூவ, வெண்புகை மூக்கைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. பிறகு வெள்ளீயத் துண்டை உள்ளே ஒரு தீற்றுத் தீற்றிப் பஞ்சால் ஒரே சுழற்றாகத் துடைத்தார். மஞ்சள் மறைந்து, நிலா வெளிச்சம் விழுந்ததுபோல உருளியின் உட்புறம் முழுவதும் வெளுத்தது. கடைசியாக எப்போது பூசியது என்று கேட்டார். அம்மாவைத்தான் கேட்க வேண்டும். அக்காவை அழைத்தபோது, அம்மா இப்போது பேசுவதில்லை, விரலால் காட்டுகிறாள் என்றாள். எத்தனை விரல் காட்டினாள் என்று கேட்டேன். ஆறு.

ஆறு ஆண்டுகளா, ஆறு மாதங்களா என்று கேட்க மனம் வரவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

பதினான்கு. ரசம் மட்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

மகாராஜநகர் உழவர் சந்தையில் பொங்கல் கூட்டம். மஞ்சள் குலை, பனங்கிழங்குக் கட்டு, கரும்பு என்று நடக்க இடமில்லை. கடையம் பக்கத்துச் சிறுகிழங்கு இரண்டு கிலோ வாங்கினேன். வெளியூர் நண்பர்களுக்கு இந்தக் கிழங்கின் பெயரே தெரியாது. எங்களுக்கோ இது இல்லாமல் பொங்கல் இல்லை.

சிறுகிழங்கைக் கத்தியால் சீவ உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். ஆச்சி சொன்னபடி ஊறவைத்து, சாக்கில் போட்டு வாயைக் கட்டி, துவைகல்லில் துணி கசக்குவதுபோல உருட்டித் தேய்த்தேன். கால் மணி நேரத்தில் சாக்கின் இழைகளுக்கிடையே செம்மண் குழம்பாக வழிந்தது. அவிழ்த்தபோது ஈர மண்வாசனையோடு முக்கால்வாசித் தோல் சாக்கிலேயே தங்கியிருந்தது. கண் கண்ணாக ஒட்டியிருந்த மீதியைக் கத்தி முனையால் நோண்டியதில் விரல் நுனிகள் கறுத்துவிட்டன. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகவில்லை. தை முதல் வாரம் முழுவதும் அம்மாவின் விரல்கள் இப்படித்தான் இருக்கும். அது அழுக்கு என்று சிறுவயதில் அந்தக் கையால் ஊட்டிக்கொள்ள மறுத்திருக்கிறேன்.

ஜனவரி 13, திங்கள்

திருவாதிரை. பதினைந்து. நடராசர் ஆடும் அம்பலங்கள் ஐந்தில் குற்றாலத்துச் சித்திர சபையும் நெல்லையப்பர் கோயில் தாமிர சபையும் நம் பக்கத்தவை என்பதில் ஆச்சிக்குத் தாங்க முடியாத பெருமை. விடியுமுன்னரே கோயிலுக்குப் போய்த் திரும்பியிருந்தார்.

களி எனக்குக் கைகொடுக்கவில்லை. வறுத்து உடைத்த குருணையை வெல்லப்பாகு கெட்டியான பிறகு கொட்டிவிட்டேன். இனிப்பு மிகுந்த பாகில் அரிசிக்கு நீர் ஏறாது, ஆகவே எவ்வளவு நேரம் கிளறியும் பல்லில் நறநறத்தது. முதலில் குருணையை வெந்நீரில் வேகவிட்டிருக்க வேண்டும். தாளகம் மட்டும் மானத்தைக் காத்தது. எள்ளும் துவரம்பருப்பும் அரிசியும் மிளகாய்வற்றலும் தேங்காயும் வறுத்து அரைத்து, பூசணி, வாழைக்காய், அவரை, சிறுகிழங்கு போட்டுப் புதிதாய் ஈயம் பூசிய உருளியில் வைத்தேன். ஆச்சி ஒரு கிண்ணம் வாங்கிப்போய் மறுபடியும் கிண்ணத்தோடு வந்தார். இதைவிடப் பெரிய நற்சான்று எனக்கு வேண்டாம்.

ஜனவரி 14, செவ்வாய்

பால் கிழக்கே வழிந்தது. வீடியோவில் காட்டினேன். அம்மா கும்பிட்டாள். அக்கா செல்பேசியைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜனவரி 16, வியாழன்

உப்பு விஷயத்துக்கு வழி கண்டுபிடித்தேன். அக்கா வீட்டிலும் தராசு இருக்கிறது. சொதிக்குப் போடுவதுபோல ஒரு பிடி கல்லுப்பை அம்மா அள்ளித் தட்டில் போட வேண்டும், அவ்வளவுதான். அக்கா நிறுத்துச் சொன்னாள்: 17 கிராம். இவ்வளவு எளிய செய்தியை ஏன் இத்தனை நாள் தோன்றாமல் விட்டேன் என்று என்னையே கடிந்துகொண்டேன். பதினாறு.

ஜனவரி 17, வெள்ளி

இன்று எண்ணிக்கை ஏறவில்லை. இரத்தத்தில் ஏதோ குறைவாம். திங்கட்கிழமை மறுபடியும் பார்த்துவிட்டுச் சொல்வார்களாம்.

எதுவும் சமைக்கவில்லை.

ஜனவரி 18, சனி

சொதி திரியவில்லை. ஓரத்தில் முதல் நுரை கட்டியதும் இறக்கிவிட்டேன். கரண்டியில் எடுத்தால் பட்டுப்போல இறங்குகிறது. எலுமிச்சையை ஆறிய பிறகு என் கிண்ணத்தில் மட்டும் பிழிந்துகொண்டேன். மற்றொரு சிறு பாத்திரத்தில் இஞ்சியும் மிளகாயும் எலுமிச்சையும் இல்லாமல், சின்ன வெங்காயத்தையும் சீரகத்தையும் மட்டும் அரைத்துவிட்டு ஒன்று வைத்தேன். அதைச் சொதி என்று அழைத்தால் தவசுப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் நாக்கில் எங்கும் குத்தவில்லை, காய்களை மசித்தால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

பெரிய பாத்திரத்தில் 17 கிராமைக் குறையாமல் கூடாமல் போட்டிருந்தேன். ஆச்சி ஒரு வாய் எடுத்துவிட்டு, "எல்லாம் சரிதான் ஐயா, உப்புதான் பாதிக்குப் பாதி கொறைச்சல். ஒங்கம்மா அள்ளிப்போட்டா இப்படி இருக்காதே" என்றார்.

தராசை மறுபடியும் சோதித்தேன். தராசில் பிழையில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

செய்முறையில் 17 என்பதை அடித்துவிட்டு 34 என்று எழுதினேன். பிறகு அதையும் அடித்துவிட்டு "அம்மாவின் பிடி, பழையது" என்று எழுதி வைத்தேன். தேங்காய் தீர்ந்துவிட்டது. நாளை அக்கா அழைப்பதற்குள் போய் மட்டை உரிக்காத முற்றிய காயாக நான்கு வாங்கி வர வேண்டும். இளங்காயில் பால் நீர்த்துப் போகிறது.