நொதியம் இறப்பதில்லை: உயர்தர உயிரியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

சனிக்கிழமை மாலைகளில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஐந்தாறு பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். எல்லோரும் உயர்தரத்தில் உயிரியல் படிப்பவர்கள். நான் ஆசிரியை அல்ல. அந்தப் பரீட்சையை இரண்டு தடவை எழுதியவள். முதல் தடவை உயிரியலுக்கு ஆகக் குறைந்த சித்தியான எஸ்தான் கிடைத்தது. இரண்டாம் தடவை ஏ. இடைப்பட்ட காலத்தில் புதிதாக ஒரு புத்தகமும் நான் வாங்கவில்லை, புதிய வகுப்பு எதற்கும் போகவில்லை. செய்தது ஒன்றே ஒன்று. என் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எங்கிருந்து வந்தன என்று தேடினேன். அந்தத் தேடலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் தடவைப் பெறுபேறு வந்த பிறகு, கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் கடந்தகால வினாத்தாள்களையும் புள்ளியிடும் திட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் பழைய விடைகளைப் பார்த்தேன். ஓரிடத்தில் இப்படி எழுதியிருந்தேன்: "உயர் வெப்பநிலையில் நொதியங்கள் இறந்துவிடும்." விடயம் எனக்குத் தெரியாமல் இல்லை. வரைபைக்கூடச் சரியாக வரைந்திருந்தேன். ஆனால் "இறந்துவிடும்" என்ற சொல்லுக்குப் புள்ளி இல்லை. நொதியம் உடலில் நடக்கும் தாக்கங்களை வேகப்படுத்தும் ஒரு புரதம்; அதற்கு உயிர் இல்லை, அதனால் இறப்பும் இல்லை. வெப்பம் கூடும்போது புரதத்தின் மடிப்புகளைப் பிடித்துவைத்திருக்கும் நலிந்த பிணைப்புகள் அறுகின்றன, உயிர்ப்பான மையத்தின் வடிவம் குலைகிறது, நொதியம் தாக்கவேண்டிய பொருளான கீழ்ப்படை அதில் பொருந்த முடியாமல் போகிறது. இதுதான் எழுதவேண்டிய விடை. "உயிர்ப்பான" என்று பாடநூலே சொல்லும்போது, உயிர் போய்விட்டது என்று மனம் தானாக முடித்துவிடுகிறது.

இறப்பு என்று நினைத்தால் அடுத்த கேள்வியும் பிழையாகும். குளிரில் நொதியத்துக்கு என்ன நடக்கிறது? வடிவம் கெடுவதில்லை. மூலக்கூறுகள் மெதுவாக அசைவதால் மோதல்கள் குறைகின்றன. திரும்பச் சூடாக்கினால் தாக்கம் மீண்டும் வேகமெடுக்கும். அம்மா ஆட்டிறைச்சிக்குப் பச்சைப் பப்பாளிக்காயை அரைத்துப் பூசுவார். இறைச்சி மென்மையாகும், பப்பாளியில் உள்ள பப்பேன் என்ற நொதியம் புரதத்தை வெட்டுகிறது. பப்பாளியை நன்றாக அவித்துவிட்டுப் பூசினால் அந்த மென்மை வராது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் பிடித்தது. எந்தப் பிழையைக் கண்டாலும், அதற்குப் பின்னால் வீட்டில் ஓர் அர்த்தமும் பாடத்தில் இன்னோர் அர்த்தமும் உள்ள சொல் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் இருந்தது.

"சுவாசம்" அப்படிப்பட்ட சொல். வீட்டில் அது மூச்சு. அதனால்தான் "அக்கா, மரம் பகலில் ஒளித்தொகுப்பு, இரவில் சுவாசம், சரிதானே?" என்று ஒவ்வொரு வருடமும் ஒருவர் கேட்கிறார். பாடத்தில் சுவாசம் என்பது கலத்துக்குள் உணவு மூலக்கூறுகளிலிருந்து சக்தியைப் பெறும் தாக்கத் தொடர். குழியவுருவிலும் இழைமணியிலும் அது இரவு பகலாக நடக்கிறது. பகலில் ஒளித்தொகுப்பின் வேகம் சுவாசத்தை மிஞ்சுவதால் ஒட்சிசன் வெளியே வருகிறது, அவ்வளவுதான். ஒளி குறைந்து இரண்டின் வேகமும் சமமாகும் நிலையே ஈடுசெய் புள்ளி. வெளியே வரும் ஒட்சிசன் காபனீரொட்சைட்டிலிருந்து வருகிறது என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது நீரிலிருந்து வருகிறது. 1941இல் ரூபன், கேமன் ஆகியோர் நிறை கூடிய ஒட்சிசன் சமதானி (அதே மூலகத்தின் வேறு நிறையுள்ள அணு) கொண்ட நீரைப் பாசிக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். அந்தச் சமதானி வெளிவந்த வாயுவில் இருந்தது. இந்த ஒரு பரிசோதனையை நினைவில் வைத்திருந்தால் ஒளித்தாக்கத்தின் தொடக்கம் மறக்காது.

அதிகம் பிள்ளைகளை அழவைக்கும் சொல் "அழுத்தம்". நம் பாடநூல்களில் திரவமோ வாயுவோ தள்ளுவது அமுக்கம். அழுத்தம் என்பது மின்னழுத்தத்தில் வருவது போன்ற, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதற்கான நிலை. ஆனால் பேச்சில் நாம் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம். தமிழ்நாட்டுக் காணொளிகளில் நமது அமுக்கத்தையே அழுத்தம் என்கிறார்கள். அவர்களுடைய சொல் அவர்களுக்குச் சரி. ஆனால் அதைக் கேட்டுவிட்டு நம் நூலில் "நீரழுத்தம்" என்று படிக்கும் பிள்ளை, நீர் எதையோ தள்ளுகிறது என்று நினைக்கிறது. பிறகு "தூய நீரின் நீரழுத்தம் பூச்சியம்" என்ற வரி வருகிறது. கரைசலுக்கு மறைப் பெறுமானம். தள்ளுவது எப்படி மறையாகும்? அங்கே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

நான் ஓர் உருளைக்கிழங்கை எடுத்துவருவேன். ஒரே நீளத்தில் மூன்று கீலங்கள் வெட்டி, ஒன்றைச் சாதாரண நீரிலும், ஒன்றை அரைக் கரண்டி உப்புக் கரைத்த நீரிலும், ஒன்றை மூன்று கரண்டி உப்புக் கரைத்த நீரிலும் போடுவோம். ஒரு மணித்தியாலம் கழித்து ஒவ்வொன்றையும் ஒரு முனையில் பிடித்துக் கிடையாக நீட்டச் சொல்வேன். முதலாவது பென்சில் போல நேராக நிற்கும், உடைத்தால் சத்தம் கேட்கும். மூன்றாவது விரலிலிருந்து துவண்டு தொங்கும். தடவினால் தோல்வார் போல இருக்கும். நீர் எங்கிருந்து எங்கே போனது என்று அப்போது யாரும் மனப்பாடமாகச் சொல்வதில்லை, கையில் பார்த்ததைச் சொல்கிறார்கள்.

அதன் பிறகே கணக்கு. நீரழுத்தம் = கரைய அழுத்தம் + அமுக்க அழுத்தம். கரைந்த பொருளான கரையம் நீரழுத்தத்தைக் குறைக்கும் அளவு முதலாவது; கலச்சுவர் திருப்பித் தள்ளுவதால் கூடும் அளவு இரண்டாவது. ஒரு கலத்தில் கரைய அழுத்தம் −0.8, அமுக்க அழுத்தம் 0.5 மெகாபஸ்கால். அடுத்த கலத்தில் −0.6, 0.1. நீர் எந்தப் பக்கம் போகும்? முதற்கலத்தில்தான் கரையம் கூட, ஆகவே அதற்குள் போகும் என்று பாதிப் பேர் சொல்வார்கள். கூட்டிப் பாருங்கள்: முதலாவது −0.3, இரண்டாவது −0.5. நீர், நீரழுத்தம் கூடிய முதலாவதிலிருந்து குறைந்த இரண்டாவதுக்குப் போகிறது. கலச்சுவர் திருப்பித் தருகிற அமுக்கம் இங்கே முடிவைத் தீர்மானித்துவிட்டது. இந்த ஒரு கணக்கை மூன்று நாள் இடைவெளியில் மூன்று தடவை செய்யுங்கள் என்பேன். பத்து வெவ்வேறு கணக்குகளை ஒரே இரவில் செய்வதைவிட அது உதவும்.

முடிந்தால் ரியோ இலையின் ஊதா நிற மேற்றோலை நுணுக்குக்காட்டியில் ஒரு தடவையாவது உங்கள் கண்ணால் பாருங்கள். கொழும்பில் எத்தனையோ வீட்டு வாசல்களில் அது தொட்டியில் நிற்கிறது. வெல்லக் கரைசலில் சிறிது நேரம் கிடந்த பிறகு, ஊதா நிறம் கலச்சுவரைவிட்டு உள்ளே ஒதுங்கி, மூலையில் வெள்ளை இடைவெளி தெரியும். அதுதான் முதலுருச்சுருக்கம். பார்வைப் புலத்தில் அரைவாசிக் கலங்கள் அப்படி இருந்தால், அந்தக் கரைசலின் கரைய அழுத்தத்தைக் கலத்தின் கரைய அழுத்தத்துக்குச் சமமாக எடுக்கலாம். ஏன்? கலத்தின் உள்ளடக்கமான முதலுரு சுவரைத் தொடாத கணத்தில் அமுக்க அழுத்தம் பூச்சியமாகிவிட்டது. செய்முறையையும் கணக்கையும் வேறு வேறு கொப்பியில் எழுதிப் படிப்பவர்களுக்கு இந்தத் தொடர்பு தெரிவதே இல்லை. எனக்கும் இரண்டாம் தடவைதான் தெரிந்தது.

அடுத்தது, டீ.என்.ஏயைச் சுமக்கும் நிறமூர்த்தங்களின் கணக்கு. வெங்காயத்தின் உடற்கலத்தில் 16 நிறமூர்த்தங்கள். டீ.என்.ஏ இரட்டித்த பிறகு எத்தனை? 32 என்று எழுதினால் பிழை. நிறமூர்த்தம் 16தான்; டீ.என்.ஏ மூலக்கூறுகள்தான் 32. இதைப் படம் வரைந்து விளக்கி நான் தோற்றிருக்கிறேன். ஒரு நாள் புறக்கோட்டையில் தையல் சாமான் கடை ஒன்றில், இரண்டு பாதியாகப் பிரிந்து அழுத்திப் பூட்டும் பொத்தான்களைப் பார்த்ததும் வழி பிறந்தது. ஒவ்வொரு பாதியிலும் ஒரு கம்பளி நூலைக் கட்டினேன். இரண்டு பாதியும் பூட்டியிருந்தால் ஒரு நிறமூர்த்தம், அதில் இரண்டு நூல். பிரித்துவிட்டால் இரண்டு நிறமூர்த்தம், ஒவ்வொன்றிலும் ஒரு நூல். எண்ணவேண்டியது பொத்தானை, நூலை எண்ணினால் டீ.என்.ஏ.

தரையில் சிவப்பு நீளம், நீல நீளம், சிவப்புக் குட்டை, நீலக் குட்டை என நான்கையும் வைத்தால் நான்கு நிறமூர்த்தங்கள் உள்ள ஒரு கலம். ஒரு கலம் அதே போன்ற இரண்டாகும் இழையுருப்பிரிவில் எல்லாப் பொத்தான்களும் "டிக்" என்று பிரியும். பிரிந்தவை இரு பக்கமும் விலகும் மேன்முக அவத்தையில் அந்த ஒரே கலத்துக்குள் எட்டு. நிறமூர்த்த எண்ணிக்கையைப் பாதியாக்குவது ஒடுக்கற்பிரிவு. முதலாம் ஒடுக்கற்பிரிவில் எந்தப் பொத்தானும் பிரியாது. ஒரே நீளமுள்ள சிவப்பு, நீலச் சோடிகள்தான் விலகும், பக்கத்துக்கு இரண்டு. இரண்டாம் ஒடுக்கற்பிரிவில்தான் பொத்தான் பிரிகிறது. "முதலாவதில் சோடி, இரண்டாவதில் பொத்தான்" என்று ஒரு தங்கை தானாகவே சொல்லிக்கொண்டாள். பிறகு வெங்காயத்துக்கு அவளே எண்ணினாள்: முதலாம் பிரிவு முடிய 8 நிறமூர்த்தம், 16 நூல், இரண்டாவது முடிய 8 நிறமூர்த்தம், 8 நூல். சிவப்பு நீளம் நீலக் குட்டையோடு போகலாம், சிவப்புக் குட்டையோடும் போகலாம் என்று தரையிலேயே மாற்றி வைத்துப் பார்த்தாள். சோடிகள் ஒன்றையொன்று சாராமல் பிரியும் சுயாதீனத் தொகுப்பைப் பற்றி நான் தனியாக ஒன்றும் சொல்லவேண்டி வரவில்லை.

பரம்பரையியலில் "ஆட்சி" என்ற சொல் ஏமாற்றும். ஆள்பவர் பலம் மிக்கவர், ஆகவே ஆட்சியான இயல்புதான் சனத்தொகையில் அதிகம் இருக்கும் என்று எழுதுகிறார்கள். ஆட்சி என்பது ஒரே ஆளுக்குள் இருக்கும் இரண்டு எதிருருக்களுக்கு (ஒரே பரம்பரை அலகின் வேறு வடிவங்களுக்கு) இடையிலான உறவு மட்டுமே. ஆறாவது விரல் பல குடும்பங்களில் ஆட்சியான இயல்பாகக் கடத்தப்படுகிறது, ஆனாலும் அது அரிது. ஓ குருதி வகை பின்னிடைவானது, அதாவது ஆட்சியான எதிருரு கூட இருந்தால் வெளியே தெரியாதது, ஆனாலும் உங்கள் வகுப்பிலேயே எத்தனை பேருக்கு ஓ என்று கேட்டுப் பாருங்கள்.

ஆட்சியான இயல்புக்கும் பின்னிடைவானதுக்கும் எதிர்பார்க்கும் 3:1 விகிதமும் அப்படித்தான். பட்டாணிச் செடிகளை ஆராய்ந்த மெண்டல் 1866இல் வெளியிட்ட முடிவுகளில் 5474 உருண்டை விதைகளும் 1850 சுருங்கிய விதைகளும் இருந்தன. அவ்வளவு பெரிய எண்ணிக்கையில்தான் விகிதம் அப்படி நெருங்கி வருகிறது. குருதி நோயான தலசீமியாவின் எதிருருவைக் காவும் இரு பெற்றோருக்கு நான்கு பிள்ளைகள் என்றால், கட்டாயம் ஒருவருக்கு நோய் என்று பொருளல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக நான்கில் ஒரு பங்கு நிகழ்தகவு. நால்வரும் நோயின்றிப் பிறக்க 81/256 நிகழ்தகவு இருக்கிறது, கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்திக்கொள்வேன்; நம் நாட்டில் இந்த நோயோடு வாழும் குடும்பங்கள் பல, கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் வீட்டிலும் இருக்கலாம்.

நாடி, நாளம் என்ற குருதிக் குழாய்கள் பற்றிய கேள்விக்கு ஒரு வரி போதும்: இதயத்திலிருந்து வெளியே போவது நாடி, இதயத்துக்குத் திரும்புவது நாளம், ஒட்சிசன் அளவைப் பார்க்காதீர்கள், ஒட்சிசன் குறைந்த குருதியைக் கொண்டுபோகும் சுவாசப்பை நாடி உங்களை விழுத்திவிடும்.

உயிரினங்கள் தலைமுறைகளாக மாறிவரும் கூர்ப்பைப் பற்றிய விடையில் "தேவை" என்ற சொல்லை எழுதவே வேண்டாம். "நுளம்புகள் தப்புவதற்காக எதிர்ப்பை வளர்த்துக்கொண்டன" என்றால் புள்ளி போய்விடும். இலங்கையில் மலேரியா நுளம்புக்கு டீ.டீ.ரீ என்ற பூச்சிநாசினியைத் தெளித்தார்கள்; 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளர்கள் என்ற அளவுக்குக் குறைந்து, சில வருடங்களில் நோய் பெரிதாகத் திரும்பியது. பின்னர் டீ.டீ.ரீக்கு மசியாத நுளம்புகள் பெருகியதால் மலத்தியோன் என்ற வேறு மருந்துக்கு மாறவேண்டி வந்தது. எதிர்ப்புள்ள நுளம்புகள் மருந்துக்கு முன்பே மிகச் சிலவாக இருந்தன; மருந்து மற்றவற்றைக் கொன்றது, இவை தப்பி முட்டையிட்டன. மாறல் முதலில், தேர்வு பிறகு. விடையை இந்த ஒழுங்கில் எழுதுங்கள். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டதையும் தெரிந்து வைத்திருங்கள், அது நமக்குப் பெருமை.

பரீட்சை நேரம் பற்றிச் சுருக்கமாக. இரண்டாம் வினாத்தாளில் மூன்று மணித்தியாலம், ஆயிரம் புள்ளி. அமைப்புக் கட்டுரை நான்கும் கட்டாயம், ஒவ்வொன்றும் 100. கட்டுரை ஆறில் நான்கு, ஒவ்வொன்றும் 150. புள்ளிப்படி பிரித்தால் ஒரு கட்டுரைக்கு 27 நிமிடம் வரும். என் முதல் தடவையில் பிடித்த கட்டுரைக்கு முக்கால் மணித்தியாலம் கொடுத்து, கடைசிக் கட்டுரையைத் தொடவே முடியாமல் போனது. மேலதிக வாசிப்பு நேரமான பத்து நிமிடத்தில் நான்கு கட்டுரைகளையும் முடிவுசெய்துவிடுங்கள். பிறகு மனத்தை மாற்றவேண்டாம்.

என் மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. இடப் பக்கத்தில் சொல்லும் அதன் வீட்டு அர்த்தமும், வலப் பக்கத்தில் பாடத்தின் அர்த்தமும். இப்போது பிள்ளைகளும் அதில் எழுதுகிறார்கள். போன சனிக்கிழமை ஒரு தம்பி, தூண்டப்படாத நரம்புக்கலத்தின் மின்னழுத்தமான ஓய்வு அழுத்தம் ஏறத்தாழ −70 மில்லிவோல்ட் என்று படித்துவிட்டு வந்து கேட்டான்: "அக்கா, ஓய்வு என்றால் சும்மா இருப்பதுதானே? பிறகு ஏன் அந்த நேரத்திலும் கலமென்சவ்வில் உள்ள பம்பி சக்தி மூலக்கூறான ஏ.ரீ.பீயைச் செலவழித்து மூன்று சோடியம் அயன்களை வெளியே அனுப்பி இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கிறது?" நான் வாய் திறக்கும் முன்பே கொப்பியை இழுத்து, "ஓய்வு" என்று இடப் பக்கத்தில் எழுதிவிட்டு, வலப் பக்கத்துக்கு என்ன எழுதுவது என்று யோசிக்கத் தொடங்கினான்.